ரிதம்பராவா, ருதம்பராவா? பொருளும் புழக்கமும்

பெயர்தேடி | பிப்ரவரி 3, காலை 7.40

பெண் குழந்தைக்கு "ரிதம்பரா". தளத்துக்குத் தளம் பொருள் மாறுகிறது. ஒன்றில் "பருவங்களைத் தாங்குபவள்", இன்னொன்றில் "உண்மையை ஆடையாக உடுத்தவள்", மூன்றாவதில் "இசையின் தாளம்". எது சரி? ரி-யா, ரு-வா? எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்க வழி உண்டா? ஐந்து எழுத்து, ஒற்றைப்படை, ஆகவே பெண்ணுக்குச் சாஸ்திரப்படி பொருந்தும் என்றும் ஒரு தளம் சொல்கிறது.

ஏடுபுரட்டி | பிப்ரவரி 3, காலை 9.15

மூன்று பொருளும் தப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் தப்பு.

பதஞ்சலி யோகசூத்திரம், முதல் பாதம், 48ஆம் சூத்திரம்: "ருதம்பரா தத்ர ப்ரக்ஞா". மொத்தமே மூன்று சொல். இதற்கு முந்திய சூத்திரம் நிர்விசார சமாதி (ஆராய்ச்சி ஓய்ந்த ஆழ்ந்த தியானம்) தெளிந்து நிற்கும் நிலையைச் சொல்கிறது. அங்கே உதிக்கும் அறிவுக்கு ருதம்பரா என்று பெயர். ருதம் என்றால் உண்மை, பிறழாத ஒழுங்கு. பரா என்றால் தாங்குகிறவள். பாரம், பரணம் எல்லாம் அதே வேர். ப்ரக்ஞா பெண்பால் சொல், ஆகவே அதன் அடைமொழியும் பெண்பால். பெண் பெயராக்க எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

சூத்திரத்தின் பழைய உரையான வியாச பாஷ்யம் இதைக் காரணப்பெயர் என்கிறது. அந்த அறிவு உண்மையை மட்டுமே தாங்கும், பிழையறிவின் வாசனைகூட அங்கே கிடையாது என்று விளக்குகிறது. "வாசனைகூட" என்ற சொல் பாஷ்யத்திலேயே இருக்கிறது, நான் சேர்த்தது இல்லை.

"பருவம்" எங்கிருந்து வந்தது? ருது என்ற சொல்லோடு குழப்பியதால். இரண்டுக்கும் வேர் ஒன்று, சொல் வேறு. பருவத்தைத் தாங்குபவள் என்றால் ருதும்பரா என்றுதான் வரும். "தாளம்" என்று போட்டவர் காதில் ஆங்கில ரிதம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். "ஆடை" மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்த தப்பு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஏடுபுரட்டி | பிப்ரவரி 3, காலை 10.05

ஆடைக் கதை. ருத + அம்பரா என்று பிரித்திருக்கிறார்கள். அம்பரம் என்றால் ஆடை, ஆகாயம். தமிழில் எழுதும்போது இரண்டுமே "ம்ப"தான், அதனால் வித்தியாசம் கண்ணில் படாது. வடமொழியில் அம்பரத்தில் இருப்பது மூன்றாம் ப, பரா-வில் இருப்பது மூச்சோடு சொல்லும் நான்காம் ப. நம் எழுத்து இரண்டையும் ஒரே சட்டைக்குள் போட்டுவிடுகிறது.

ஒலி தெரியாதவர்களும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பீத + அம்பரம் = பீதாம்பரம். ஸ்வேத + அம்பரர் = ஸ்வேதாம்பரர். அகரமும் அகரமும் சேர்ந்தால் நெடிலாகும். ருத + அம்பரா என்றால் ரு-தாம்-பரா என்று நெடில் வரவேண்டும். நம் பெயரில் குறில்தான் இருக்கிறது. ஆகவே அம்பரம் இல்லை.

தில்லைவாசல் | பிப்ரவரி 3, பகல் 1.30

அப்படியானால் சிதம்பரம்? திகம்பரர்? அவற்றிலும் குறில்தானே. அவை அம்பரம் இல்லையா?

ஏடுபுரட்டி | பிப்ரவரி 3, மாலை 6.20

நல்ல கேள்வி. என் சோதனை பாதிதான், ஒப்புக்கொள்கிறேன்.

சித், திக் இரண்டும் மெய்யில் முடிகிற சொற்கள். சித் + அம்பரம் என்னும்போது நெடிலாக அங்கே அகரம் இல்லை. அதற்குப் பதிலாக மெய் மாறும்: வல்லின ஒலி மெலிந்து "சி(த)ம்பரம்" என்று மூன்றாம் த ஆகும். நாம் சிதம்பரம் என்று சொல்லும்போது வருகிற அந்த மெத்தென்ற த. திக் + அம்பரர் எனும்போது க-வும் அப்படியே மெலியும்.

ருதம்பராவில் மூலத்தில் இருப்பது தலை, தண்ணீர் என்பவற்றின் முதல் எழுத்தில் வரும் கெட்டியான த. சந்தியில் மெலிந்த த இல்லை. ஆகவே சிதம்பரம் போலப் பிரிக்க முடியாது. சோதனை இப்போது இரண்டு படி: நெடில் இருக்கிறதா? இல்லை. த மெலிந்ததா? அதுவும் இல்லை. இரண்டிலும் விழுந்தால் அம்பரம் இல்லை.

இதில் ஒரு சங்கடம். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவில் த வந்தால் தானாக மெலியும் (இதம், பதம்). ஆகவே தமிழர் வாயில் ரிதம்பராவும் சிதம்பரமும் ஒரே த-வோடுதான் வரும். தப்பான பிரிப்புக்கு நம் எழுத்து ஒரு பக்கம், உச்சரிப்பு இன்னொரு பக்கம் முட்டுக் கொடுக்கிறது.

தில்லைவாசல் | பிப்ரவரி 3, இரவு 8.00

பெயரைத் தந்த பதஞ்சலி, கூத்தன் ஆட்டம் பார்க்கத் தில்லைக்கு வந்து நின்றவர் என்பது எங்கள் ஊர் மரபு. திருமந்திரமும் அவரை "மன்று தொழுத பதஞ்சலி" என்கிறது. சிதம்பரத்தை இந்தப் பெயரிலிருந்து துரத்தியாகிவிட்டது, பதஞ்சலி வழியாக மறுபடி உள்ளே வந்துவிட்டது.

வேர்ச்சொல் | பிப்ரவரி 4, காலை 6.50

நடுவில் இருக்கும் "ம்" பற்றி யாரும் பேசவில்லை. ருத + பரா, ருதபரா என்றுதானே ஆகவேண்டும்? "ருதத்தை" என்ற இரண்டாம் வேற்றுமை உருபு அப்படியே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஏடுபுரட்டி | பிப்ரவரி 4, காலை 8.10

மொழியியலார் பார்வையில் அது சரியாக இருக்கலாம். வடமொழி இலக்கணம் எழுதிய பாணினி கணக்கு வேறு. தொகையில் வேற்றுமை உருபு போய்விடும்; அதன் பிறகு "மும்" என்ற ஆகமம் (நடுவில் சேரும் ம்) புதிதாக வந்து சேரும் (6.3.67). அதைக் கொண்டுவரும் விகுதியைச் சொல்வது 3.2.46. பெயராக அமையும்போது எட்டு வினைவேர்களுக்கு இந்த விகுதி வரும். தாங்கு, கட, தேர்ந்தெடு, வெல், தரி, பொறு, சுடு, அடக்கு. நம்முடையது முதலாவது.

இந்த அச்சில் வார்த்த பெயர்கள் தமிழருக்கு நன்றாகப் பழக்கம். வசுந்தரா, விசுவம்பரன், அரிந்தமன், யுகந்தரன். சோழரில் முதற் பராந்தகன் மகன் அரிஞ்சயன், அரி(பகை)யை வென்றவன். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மெல்லினம் உட்கார்ந்திருக்கும். பொருள் கேட்பவருக்கு "வசுந்தரா மாதிரி" என்று சொன்னால் போதும். வசுவை (செல்வத்தை) தாங்குபவள் வசுந்தரா, ருதத்தைத் தாங்குபவள் ருதம்பரா.

கிரந்தன் | பிப்ரவரி 4, பகல் 12.15

ரி/ரு விஷயத்துக்கு வருகிறேன். மூலத்தில் இருப்பது ரி-யும் அல்ல, ரு-வும் அல்ல. அது உயிரெழுத்து, வடமொழி வரிசையில் 7ஆவது. நாக்கு நுனி ட சொல்லும் இடத்துக்குப் போய் உருளும், பின்னால் இ, உ எதுவும் கிடையாது. தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஒடியா வாய்களில் ரு என்று விழும். இந்தியில் ரி.

தமிழ் இரண்டு பக்கமும் சாயும். ருது, ருணம் என்று ரு. ரிஷி, ரிஷபம், ரிக் என்று ரி. அதே எழுத்துதான் எல்லாவற்றிலும். ரகரம் மொழிக்கு முதலில் வராது என்று பழைய இலக்கணப்படி போனால் இருது, இருடி, இருக்கு. அந்த வழியில் இந்தக் குழந்தை இருதம்பரை ஆகிவிடும்.

தமிழ் ஒருங்குறித் தொகுதியில் இந்த உயிருக்கு இடமில்லை. கிரந்த எழுத்துக்கு 2014இல் தனித் தொகுதி வந்தது, அதில் இருக்கிறது. ஆனால் எந்தப் படிவத்திலும் அதை நிரப்ப முடியாது. தோத்திரப் புத்தகங்களில் ரு-வுக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறியும், ப-வுக்கு மேலே சின்னதாக 4 என்றும் போடுவார்கள்: ரு'தம்ப⁴ரா. படிக்க உதவும். பிறப்புச் சான்றிதழில் செல்லாது.

மூலத்துக்கு நெருக்கம் என்று பார்த்தால் ரு-வுக்கு ஒரு சுற்று கூடுதல் என்பேன்.

அத்தைமனசு | பிப்ரவரி 4, பகல் 2.40

எல்லாரும் சாஸ்திரம் பேசுகிறீர்கள், வீட்டில் கூப்பிடுவதை மறந்துவிட்டீர்கள். நாலு அசைப் பெயரை யாரும் முழுசாகக் கூப்பிடப் போவதில்லை. ருதம்பரா என்று வைத்தால் சுருக்கம் "ருது". தமிழ்நாட்டில் ருது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? ருதுவானாள், ருது மங்கள ஸ்நானம் என்று பத்திரிகை அடிக்கிற ஊர். பெண் குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அந்தச் செல்லப்பெயர் பக்கத்து பெஞ்சில் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

ரி வையுங்கள். "ரிது" என்று சுருங்கினாலும் பாதகமில்லை.

கிரந்தன் | பிப்ரவரி 4, மாலை 4.00

என் கூடுதல் சுற்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ரி.

பஞ்சாங்கம் | பிப்ரவரி 4, இரவு 9.30

அவசரப்பட வேண்டாம். நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களாக இருந்தால் ரி-யும் ரு-வும் வேறு வேறு நட்சத்திரம். சித்திரைக்கு பே, போ, ர, ரி. சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. அதாவது ரி என்றால் சித்திரை 4ஆம் பாதம், ரு என்றால் சுவாதி முதல் பாதம். அடுத்தடுத்த பாதங்கள், ராசி இரண்டுக்கும் துலாம்தான். சுவாதியில் பிறந்த குழந்தைக்கு எழுத்துக்காகவே இந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, பிறகு ரி போட்டு எழுதினால் தேடியதே வீண்.

வடமொழியின் அந்த 7ஆம் உயிர் எழுத்துச் சக்கரத்திலேயே கிடையாது. ஆகவே "மூலத்தில் எது" என்று இங்கே வாதாட இடமில்லை. வாயில் எப்படி வருகிறதோ அதுதான் கணக்கு. குழந்தையின் நட்சத்திரத்தைப் பெயர்தேடி சொல்லவில்லை.

பெயர்தேடி | பிப்ரவரி 5, காலை 7.05

திருவோணம். எழுத்துப் பார்க்கவில்லை. ஒற்றைப்படை மட்டும் வீட்டில் கேட்கிறார்கள்.

வேர்ச்சொல் | பிப்ரவரி 5, காலை 7.50

ஒற்றைப்படை விதி நிஜமாகவே இருக்கிறது. வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம்: பெண் பெயர் ஒற்றைப்படை அசையில், ஆ-வில் முடியவேண்டும். அதே வகை நூல் எழுதிய ஆச்வலாயனரும் பெண்ணுக்கு ஒற்றைப்படை என்கிறார். ரி, த, ம், ப, ரா: ஐந்து. ஆ-வில் முடிகிறது. முழு மதிப்பெண்.

ஏடுபுரட்டி | பிப்ரவரி 5, காலை 8.30

புள்ளி வைத்த எழுத்தை எண்ணக்கூடாது. அங்கே அக்ஷரம் என்பது உயிரோடு கூடிய அசை. ரு-தம்-ப-ரா. நான்கு. இரட்டைப்படை. தமிழ் எழுத்தை எண்ணி வடமொழி விதிக்கு விடை எழுதினால் இப்படித்தான்.

மேலும் பாரஸ்கரர் தத்தித விகுதி (பெயர்ச்சொல்லோடு சேர்வது) வேண்டும் என்கிறார், இது க்ருதந்தம் (வினைவேரோடு விகுதி சேர்ந்தது). ஆ ஈறு மட்டும்தான் தேறுகிறது. மூன்றில் ஒன்று.

இதற்காக யாரும் பெயரைக் கைவிட வேண்டாம். சீதா இரண்டு அசை. ராதா, துர்கா, கங்கா இரண்டு. சீதையே தேறாத பரீட்சை.

வேர்ச்சொல் | பிப்ரவரி 5, காலை 9.10

தோற்றேன். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாகவதம் 5ஆம் ஸ்கந்தம், 20ஆம் அத்தியாயம், பிலக்ஷ த்வீபம் என்ற புராணத் தீவின் ஏழு நதிகளின் பட்டியலில் ருதம்பரா இருக்கிறது, கூடவே சத்யம்பராவும். ஆக நதிப் பெயர். மனு 3.9 பெண்ணுக்கு நதிப் பெயர் கூடாது என்கிறதே?

ஏடுபுரட்டி | பிப்ரவரி 5, காலை 9.45

அது பெயரிடும் விதி இல்லை, பெண் எடுக்கும் விதி. நட்சத்திரம், மரம், நதி, மலை, பறவை, பாம்பு இப்படிப் பெயருள்ள பெண்ணை மணக்காதே என்கிற சுலோகம். ரோகிணி, ரேவதி, காவேரி எல்லாம் கல்யாணம் ஆகாமலா இருக்கிறார்கள்?

பெயரிடும் விதி 2.33. சொல்ல எளிது, கடுமை இல்லாதது, பொருள் விளங்குவது, மனத்துக்கு இனியது, மங்கலம், நெடிலில் முடிவது, வாழ்த்துப் போல இருப்பது. இதில் "சொல்ல எளிது", "பொருள் விளங்குவது" இரண்டிலும் நம் பெயர் தடுக்குகிறது. பொருள் விளங்காததால்தானே நாம் மூன்றாம் நாளாக உட்கார்ந்திருக்கிறோம்.

மனுவிலேயே 4.5இல் ருதம் என்பதற்கு இன்னொரு பொருள்: அறுத்த வயலில் சிந்திய மணியைப் பொறுக்கி வாழ்வது. வியாபாரத்துக்கு சத்யாந்ருதம், உண்மையும் பொய்யும் கலந்தது என்று பெயர். அகராதியை மட்டும் நம்பி ஒரு தளம் "சிந்திய நெல்லைச் சுமப்பவள்" என்று போடாதவரை சரி.

தில்லைவாசல் | பிப்ரவரி 5, பகல் 3.20

ருதத்துக்கும் சத்தியத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் உண்மை என்றால் சத்யம்பரா தனியாக எதற்கு?

ஏடுபுரட்டி | பிப்ரவரி 6, காலை 6.30

இருக்கு வேதம் 10.190 இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறது, ருதமும் சத்தியமும் தவத்திலிருந்து பிறந்தன என்று. தைத்திரீய உபநிடதமும் "ருதம் சொல்வேன், சத்தியம் சொல்வேன்" என்று இரண்டாகச் சொல்கிறது. அங்கே சங்கரர் உரை: சாஸ்திரப்படி, கடமைப்படி புத்தியில் உறுதிப்பட்டது ருதம். அதையே வாக்காலும் உடலாலும் நடத்தினால் சத்தியம்.

நம்மிடம் உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்மை என்று பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் ருதம் "உண்மை"யின் பக்கம். வாய்மையும் மெய்மையும் சத்தியத்தின் பக்கம். இது சங்கரர் உரைக்கு மட்டும் பொருந்தும் ஒப்பீடு. வேதப் பாடல்களில் ருதம் இன்னும் அகலம்: விடியல் தவறாமல் வருவது, பருவம் மாறுவது, வேள்வி முறைப்படி நடப்பது எல்லாம் ருதம். மித்திரனும் வருணனும் அதன் காவலர். பழைய பாரசீகத்தில் இதே சொல் அர்த்த. அர்த்தக்ஷத்ர என்று அரசர் பெயரிலேயே ஏறியிருக்கிறது, கிரேக்கர் வாயில் அது அர்த்தசெர்க்சஸ்.

அதனால் முதல் நாள் "ருதம் என்றால் உண்மை" என்று நான் எழுதியது சூத்திரத்துக்குச் சரி, வேதத்துக்குக் குறைவு. பெயர் வந்த இடம் சூத்திரம் என்பதால் "உண்மையைத் தாங்கும் அறிவு" என்றே வைத்துக்கொள்ளலாம்.

பதிவேடு | பிப்ரவரி 6, மாலை 5.00

புழக்கம் பற்றிய கேள்வி அப்படியே கிடக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர் எண்ணிக்கை வெளியிடும் வழக்கம் இல்லை. வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகக் கிடப்பது, அதில் மாநிலம் முழுக்க ஒரு பெயரை எண்ண முடியாது. பெயர்த் தளங்களில் போடும் "பிரபலம் 72%" மாதிரி எண்கள் அந்தத் தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் கணக்காக இருக்கலாம், பிறப்புக் கணக்கு அல்ல.

வெளிநாட்டில் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பட்டியல் தருகிறது. ஓர் ஆண்டில் 5 குழந்தைக்குக் குறைவாக வைத்த பெயரை விட்டுவிடும். இங்கிலாந்து-வேல்ஸ் பட்டியலில் அந்த எல்லை 3. இரண்டுமே எழுத்துக்கூட்டு மாறினால் வேறு பெயராக எண்ணும். ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்கு ரி அல்லது ரு, த-வுக்கு எச் உண்டு அல்லது இல்லை, ப-வுக்கு எச் உண்டு அல்லது இல்லை: 2 × 2 × 2 = 8 வடிவம். ஒவ்வொன்றிலும் 4 குழந்தை பிறந்து, மொத்தம் 32 பேர் இருந்தாலும் அமெரிக்கப் பட்டியலில் ஒன்றுகூடத் தெரியாது. பட்டியலில் இல்லை என்பதால் "உலகிலேயே ஒரே பெயர்" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

வடக்கே இந்தப் பெயரைச் சொன்னால் அயோத்தி இயக்க மேடைகளில் பேசிய சாத்வி ரிதம்பரா நினைவுக்கு வருவார். தமிழ்ப் பத்திரிகைகளில் "ரி" நிலைத்ததற்கும் அந்தச் செய்திகள் ஒரு காரணமாக இருக்கும். பிடிக்கும், பிடிக்காது என்பது அவரவர் பாடு, தெரியாமல் வைக்கக்கூடாது.

பெயர்தேடி | பிப்ரவரி 7, காலை 7.30

ரிதம்பரா என்றே முடிவு. ஆங்கிலத்தில் இரண்டு எச்சும் வேண்டுமா?

பதிவேடு | பிப்ரவரி 7, காலை 10.10

இரண்டும் போட்டால் 11 எழுத்து, ஒன்றை விட்டால் 10. எதை விடுவது என்பதுதான் விஷயம். தமிழ்நாட்டில் த-வுக்கு டி-எச் எழுதுவது வழக்கம். டி மட்டும் போட்டால் நம் பள்ளியில் "ரிடம்பரா" என்று வாசிப்பார்கள். வட இந்தியாவில் டி-எச்சைப் பார்த்தால் மூச்சு விட்டுச் சொல்லும் இரண்டாம் த என்று நினைப்பார்கள், அங்கே டி மட்டுமே சரி. ப-வுக்குப் பின்னால் வரும் எச் மூலத்தில் உள்ள நான்காம் ப-வைக் காட்டும். ஆடை, ஆகாயம் என்று பிரிக்கவிடாமல் தடுப்பதும் அந்த ஓர் எழுத்துதான். நான் ப-வின் எச்சை விடமாட்டேன். த-வின் எச் குழந்தை எங்கே படிக்கப் போகிறது என்பதைப் பொறுத்தது.

எதுவானாலும் ஒருமுறை யோசித்து ஒரே வடிவமாக எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் போன எச் எல்லா ஆவணத்திலும் போகும். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும், ஆனால் பெயரை அப்போதே தரவேண்டும் என்றில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 14: பெயரில்லாமல் பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. மருத்துவமனைப் படிவத்தில் அவசரமாக எழுதிக் கொடுத்து, பிறகு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு அலைவதைவிட, பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவது எவ்வளவோ மேல்.

அத்தைமனசு | பிப்ரவரி 7, பகல் 1.15

பள்ளியில் "தம்புரா" என்று கூப்பிடுவார்கள். அதற்கு எந்த எச்சும் உதவாது.

கிரந்தன் | பிப்ரவரி 7, இரவு 10.40

தம்புராவில் கெட்டியான த-வாவது முதலில் வருகிறது. உச்சரிப்பு அந்த மட்டுக்குச் சரியாக இருக்கும்.

பதிவேடு | பிப்ரவரி 8, காலை 9.00

விட்டுப்போனது ஒன்று. தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பெயர் வரும். ஆங்கிலத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தட்டச்சு செய்பவர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ்க் கட்டத்தை நிரப்பினால் "ரிதாம்பரா" என்று நெடில் விழ வாய்ப்பு அதிகம். விழுந்தால் அந்த ஆடைக்காரர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். தமிழ் வடிவத்தைத் தாளில் பெரிதாக எழுதி, "த"-வுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.